மேகத்தில் ஒரு கணக்கு

புரட்டாசி பிறந்துவிட்டால் பசுவந்தனைப் பக்கம் எல்லோருடைய கண்ணும் வானத்தின் மேல்தான் இருக்கும். கோவில்பட்டியைச் சுற்றிலும் விரிந்து கிடக்கிற கரிசல் பூமி இது. இங்கே பயிர் செய்யும் புஞ்சையைக் 'காடு' என்றுதான் சொல்வார்கள். பெரும்பாலான காடுகளுக்கு ஆற்றுப் பாசனம் கிடையாது. ஆண்டுக்குச் சுமார் 700 மில்லி மீட்டர் மழை. அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக் காற்று கொண்டுவருவது. உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், பருத்தி, மல்லி எல்லாம் அந்த மழையை நம்பித்தான். மழைக்கு முன்பே விதைத்துவிட்டுக் காத்திருப்பவர்களும் உண்டு. மேகம் வந்தால் வாழ்வு. வராவிட்டால் விதையும் போச்சு!

இந்தக் கட்டுரையில் நாம் பார்க்கப் போவது இன்னொரு மேகம். அது மழை தராது. ஆனால் உங்கள் ஊரில் எப்போது மழை பெய்தது, எந்தக் காடு பச்சை பிடித்தது, எந்தக் கண்மாயில் தண்ணீர் நின்றது என்ற விவரங்களை வருடக்கணக்காகச் சேர்த்து வைத்திருக்கிறது. அதற்குள் நுழைய ஒரு கணக்கு வேண்டும். உள்ளே உட்கார்ந்து வேலை செய்ய ஒரு பணிமேடை வேண்டும். இரண்டையும் அமைப்பது எப்படி? அமைத்த பிறகு என்ன செய்யலாம்? வாருங்கள், பார்ப்போம்.

தரையில் இருக்கும் மேகம்

மேகக் கணிமை என்ற சொல்லைக் கேட்டதும் அண்ணாந்து பார்க்காதீர்கள். அந்த மேகம் தரையில்தான் இருக்கிறது. பெரிய பெரிய கட்டடங்கள், அவற்றுக்குள் வரிசை வரிசையாக அடுக்கிய ஆயிரக்கணக்கான கணிப்பொறிகள், அவை சூடேறாமல் காக்கக் குளிரூட்டும் கருவிகள், நிற்காத மின்சாரம். இவைதான் அந்த 'மேகம்'. கூகுள் நிறுவனம் இப்படிப்பட்ட மையங்களை 2017-இல் மும்பையிலும், 2021-இல் டில்லியிலும் வெளியாருக்குத் திறந்தது. அமேசான், மைக்ரோசாப்ட் போன்ற நிறுவனங்களுக்கும் இந்தியாவில் மையங்கள் உண்டு.

இந்தக் கணிப்பொறிகளில் ஒரு சிறு பங்கை, தேவையான நேரத்துக்கு மட்டும், தொலைவிலிருந்தே நாம் பயன்படுத்திக் கொள்கிறோம். டிராக்டரைச் சொந்தமாக வாங்காமல் மணிக்கணக்கில் வாடகைக்கு அமர்த்தி உழுவதில்லையா? அதே ஏற்பாடுதான்.

சேர்த்து வைத்த தகவல்களும், அவற்றை ஆராயும் கணிப்பொறிகளும் ஒரே இடத்தில் இருந்தால் அதை மேகத் தரவுத்தளம் என்கிறோம். வணிகக் கணக்குகளுக்கென்றே ஸ்னோஃபிளேக், டேட்டாபிரிக்ஸ் என்ற தளங்கள் இருக்கின்றன. நமக்கு ஏற்றது வேறொன்று. அதன் பெயர் எர்த் எஞ்சின். கூகுள் நிறுவனம் 2010-ஆம் ஆண்டு டிசம்பரில் இதை வெளியிட்டது. பூமியைச் சுற்றும் செயற்கைக் கோள்கள் எடுத்த படங்களும், மழை, வெப்பம் பற்றிய விவரங்களும் இதில் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் கட்டணம் கிடையாது.

படத்தைக் கொண்டுவருவதா, கேள்வியை அனுப்புவதா?

படங்களை நம் கணிப்பொறிக்கே இறக்கிக் கொண்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஐரோப்பிய நாடுகள் அனுப்பிய சென்டினல்-2 வரிசைச் செயற்கைக் கோள்களில் முதலாவது 2015-லும் இரண்டாவது 2017-லும் ஏவப்பட்டன. இரண்டு கோள்கள் சேர்ந்து ஓர் இடத்தை ஐந்து நாளுக்கு ஒரு முறை படம் எடுக்கும். அப்படியானால் ஆண்டுக்கு 73 படங்கள். ஒரு படம் ஏறக்குறைய 100 கிலோ மீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்ட பரப்பைக் காட்டும். அதன் எடை, அதாவது தகவல் அளவு, 600 முதல் 800 மெகாபைட் வரை இருக்கும். ஓர் ஆண்டுப் படங்களுக்கே 50 ஜிகாபைட் ஆகிவிடும். பத்து ஆண்டுக்கு 500 ஜிகாபைட்! பள்ளிக்கூடத்துக் கணிப்பொறி திணறிப்போகும்.

நாம் கேட்க விரும்பும் கேள்வியோ பத்து வரிதான். ஆகவே மலையை வீட்டுக்கு இழுத்து வருவதை விட்டுவிட்டு, கேள்வியை மலைக்கு அனுப்புகிறோம். கணக்கு அங்கேயே நடக்கிறது. விடை மட்டும் திரும்பி வருகிறது. மேகத் தரவுத்தளத்தின் அடிப்படைத் தத்துவம் இவ்வளவுதான்.

முதல் படி: கணக்கும் திறவுகோலும்

தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. இந்தியாவில் 2023-இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகள் என்றே கருதுகிறது. அவர்களுடைய விவரங்களைப் பெறப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. எனவே கணக்கை உங்கள் ஆசிரியரோ பெற்றோரோ தம் பெயரில் தொடங்கட்டும். நீங்கள் அருகில் உட்கார்ந்து, ஒவ்வொரு படியையும் புரிந்துகொண்டு, அவர்கள் முன்னிலையில் வேலை செய்யுங்கள்.

எர்த் எஞ்சினுக்குள் நுழையக் கூகுள் கணக்கு ஒன்று தேவை. கணக்குக்குத் திறவுகோல் கடவுச்சொல். அது எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்?

ஆங்கிலச் சிறிய எழுத்துகள் 26. அவற்றைத் தாறுமாறாகப் பொறுக்கி எட்டு எழுத்துச் சொல் அமைத்தால், 26-ஐ எட்டு முறை பெருக்க வேண்டும். சுமார் 20,883 கோடி விதமான சொற்கள் கிடைக்கும். அடேயப்பா, போதுமே என்று தோன்றுகிறதா? திருட்டுப் போன ஒரு கடவுச்சொல் பட்டியலை வைத்துக்கொண்டு, ஒரு கணிப்பொறி விநாடிக்கு 100 கோடி சொற்களைச் சோதிப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் சோதித்து முடிக்க 209 விநாடிதான் ஆகும். மூன்றரை நிமிடம்!

இப்போது நீளத்தை 16 எழுத்தாக்குங்கள். அதே கணிப்பொறிக்கு ஏறக்குறைய 14 லட்சம் ஆண்டுகள் வேண்டும். நீளம் இரட்டிப்பானதும் காலம் இரட்டிப்பாகவில்லை, கவனித்தீர்களா? இதுதான் அடுக்குப் பெருக்கத்தின் வலிமை. ஆனால் ஊர்ப் பெயரையும் பிறந்த ஆண்டையும் சேர்த்து எழுதினால் இந்தக் கணக்கு செல்லாது. திருடன் முதலில் சோதிப்பது அவற்றைத்தான்.

நல்ல தளங்கள் கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைப்பதில்லை. அதை ஒரு சூத்திரத்தில் போட்டு அரைத்து, வரும் எண்ணை மட்டும் வைத்துக்கொள்கின்றன. அரிசியை மாவாக்கலாம், மாவை அரிசியாக்க முடியாது. நீங்கள் மறுபடி உள்ளே வரும்போது, தட்டிய சொல்லை மீண்டும் அரைத்து, மாவோடு மாவை ஒப்பிட்டுப் பார்க்கின்றன. இதற்கு மேலும் ஒரு காவல் உண்டு. கடவுச்சொல் சரியாக இருந்தாலும் கைபேசியில் வரும் எண்ணையும் கேட்கும் இரண்டு படிச் சரிபார்ப்பு அது. அதைக் கட்டாயம் அமைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பலர் பயன்படுத்தும் கணிப்பொறி என்றால், வேலை முடிந்ததும் வெளியேறுதலை அழுத்த மறக்காதீர்கள்.

இரண்டாம் படி: நிலத்துக்கு எல்லைக்கல்

கணக்குத் தொடங்கியாயிற்று. உடனே வேலையைத் தொடங்க முடியாது. அடுத்துக் கூகுள் கிளவுடில் 'திட்டம்' ஒன்றை உருவாக்க வேண்டும். எந்தக் கணிப்பொறி வேலை யாருடையது, எவ்வளவு வேலை நடந்தது, யார் யார் உள்ளே வரலாம் என்பதெல்லாம் திட்டத்தின் பெயரில்தான் பதிவாகும். நிலத்துக்குப் புல எண்ணும் எல்லைக்கல்லும் இருப்பது போல.

திட்டத்துக்கு ஓர் அடையாளப் பெயர் கொடுக்க வேண்டும். ஆங்கிலச் சிறிய எழுத்து, எண், இணைப்புக்கோடு ஆகியவை மட்டுமே வரலாம். 6 முதல் 30 எழுத்துக்குள் அடங்க வேண்டும். முதல் எழுத்து எண்ணாக இருக்கக்கூடாது. உலகில் வேறு எவரும் வைத்திராத பெயராகவும் இருக்க வேண்டும். ஒரு முறை வைத்தால் பிறகு மாற்ற முடியாது. ஆகவே 'கரிசல்', 'மழை' போன்ற சொற்களோடு ஓர் எண்ணைச் சேர்த்து, யோசித்து வையுங்கள்.

பிறகு அந்தத் திட்டத்தை எர்த் எஞ்சினில் பதிவு செய்ய வேண்டும். வணிகத்துக்கா, வணிகம் சாராத வேலைக்கா என்று கேட்பார்கள். எந்த நிறுவனம், என்ன நோக்கம் என்பது போன்ற கேள்விகளும் வரும். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். வணிகம் சாராத பயன்பாட்டுக்குப் பணம் கட்டும் கணக்கு எதையும் இணைக்கத் தேவையில்லை. வேறு பல தளங்களில் வங்கி அட்டை எண்ணைக் கேட்பார்கள். மாடு கட்டாத கயிறு போல அங்கே ஓடவிட்ட கணிப்பொறி, நாம் தூங்கும்போதும் வாடகை ஏற்றிக்கொண்டிருக்கும். அத்தகைய இடங்களில் செலவு வரம்பு எச்சரிக்கையை முதலிலேயே அமைப்பது வழக்கம்.

திட்டத்துக்குள் நண்பர்களைச் சேர்க்கும்போது மூன்று நிலைகள் உண்டு. உரிமையாளர் எல்லாம் செய்யலாம். திருத்துநர் வேலை செய்யலாம், மாற்றலாம். பார்வையாளர் பார்க்க மட்டும் செய்யலாம். எவருக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவே கொடுப்பதுதான் நல்ல முறை. ஊர்ப் பொதுக் கிட்டங்கியின் சாவியை எல்லோருக்கும் ஒவ்வொன்று வெட்டிக் கொடுப்பார்களா?

மூன்றாம் படி: பணிமேடை

பதிவு முடிந்ததும் நிரல் எழுதும் பக்கத்தைத் திறக்கலாம். இதுதான் உங்கள் பணிமேடை. இடது பக்கத்தில் நீங்கள் எழுதிச் சேமித்த நிரல்களும், நீங்களே ஏற்றிய தகவல்களும், கட்டளைகளுக்கான விளக்கமும் இருக்கும். நடுவில் நிரல் எழுதும் இடம். வலப்பக்கத்தில் விடை வரும் பெட்டி. கீழே வரைபடம். நிரல் மொழி ஜாவாஸ்கிரிப்ட்.

வரைபடத்தை நகர்த்திப் பசுவந்தனைக்குக் கொண்டு வாருங்கள். தூத்துக்குடி மாவட்டம், ஒட்டப்பிடாரம் வட்டம். ஏறக்குறைய 9 பாகை வட அட்சமும் 78 பாகை கிழக்குத் தீர்க்கமும் வெட்டிக்கொள்ளும் இடத்துக்கு அருகில். உங்கள் ஊர் வேறு என்றால் அங்கே போங்கள்.

சென்டினல்-2 படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். அதாவது 100 சதுர மீட்டர். சுமார் இரண்டரை சென்ட் நிலம். ஓர் ஏக்கரில் 40 புள்ளிகள் அடங்கும். ஆக, ஒரு காட்டின் வடகோடியும் தென்கோடியும் வேறு வேறாக இருந்தால்கூடக் கண்டுபிடித்துவிடலாம். 1980-களிலிருந்து படம் எடுத்துவரும் அமெரிக்க லாண்ட்சாட் கோள்களின் புள்ளி 30 மீட்டர். சுமார் 22 சென்ட். மழையைப் பற்றி அறிய 'சிர்ப்ஸ்' என்ற தொகுப்பு இருக்கிறது. 1981 முதல் நாள்தோறும் பெய்த மழையை, ஐந்தரைக் கிலோ மீட்டர் கட்டங்களாக மதிப்பிட்டுத் தருகிறது.

பச்சையை எண்ணாக்குவது எப்படி?

இலை ஏன் பச்சையாகத் தெரிகிறது? சிவப்பு ஒளியையும் நீல ஒளியையும் பச்சையம் விழுங்கிவிடுகிறது. நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையோ, இலையின் உள்ளமைப்பு ஏராளமாகத் திருப்பி அனுப்பிவிடுகிறது. செயற்கைக் கோள் இவ்விரண்டையும் தனித்தனியே அளக்கிறது. அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டலால் வகுத்தால் கிடைப்பது தாவரக் குறியீடு.

எடுத்துக்காட்டுக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். அடர்ந்த உளுந்துப் பயிர் அகச்சிவப்பில் 0.40 பங்கும், சிவப்பில் 0.04 பங்கும் திருப்பி அனுப்புகிறது. கழித்தால் 0.36; கூட்டினால் 0.44. குறியீடு 0.82. வெறும் கரிசல் மண் அகச்சிவப்பில் 0.16, சிவப்பில் 0.12. குறியீடு 0.14 மட்டுமே. எண் ஒன்றை நெருங்கினால் பசுமை. பூச்சியத்தை நெருங்கினால் வெறுமை.

பணிமேடையில் நீங்கள் எழுத வேண்டியது இவ்வளவுதான்: இந்தப் படத்தொகுப்பை எடு, இந்த இடம், இந்த மாதம், மேகம் குறைந்தவற்றைப் பொறுக்கு, குறியீட்டைக் கணக்கிடு, வரைபடத்தில் பச்சை வண்ணத்தில் காட்டு. ஓட விடுங்கள். சில விநாடிகளில் பசுவந்தனைக் காடுகள் ஒவ்வொன்றும் தன் எண்ணோடு வந்து நிற்கும். ஐப்பசியையும் மார்கழியையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். பயிர் வளர்ந்த கதை கண்முன் தெரியும்.

எண் ஏமாற்றும் இடங்கள்

ஆனால் அவசரப்பட்டு முடிவு கட்டிவிடாதீர்கள். கரிசல் பூமி அந்த எண்ணை மூன்று விதத்தில் குழப்பும்.

முதலாவது, நிஜ மேகம். பயிர் முளைத்து வளரும் காலம்தான் மழைக்காலம். அப்போது வானம் மூடியிருக்கும். சென்டினல்-2 மேகத்தின் முதுகைத்தான் படம் பிடிக்கும். அதற்குத் துணை 2014-இல் தொடங்கிய சென்டினல்-1 வரிசை. அது சுமார் ஐந்தரை சென்டி மீட்டர் அலை நீளமுள்ள ராடார் அலைகளை அனுப்பி, திரும்பி வருவதை அளக்கிறது. மேகம் அதற்குத் தடையாகாது. தேங்கி நிற்கும் நீர் அந்த அலையைக் கண்ணாடி போல் வேறு பக்கம் திருப்பிவிடுவதால், படத்தில் கறுப்பாகத் தெரியும். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழை நினைவிருக்கிறதா? காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டி மீட்டர்! ஓராண்டு மழையைவிட அதிகம். அப்படிப்பட்ட நாட்களில் வெள்ளம் நின்ற இடத்தை மேகத்தை ஊடுருவிப் பார்க்க ராடாரே வழி.

இரண்டாவது, மண்ணின் நிறம். ஒரு புள்ளியில் பாதி பயிர், பாதி மண் என்று கொள்வோம். மேலே சொன்ன எண்களையே சராசரியாக்கினால் அகச்சிவப்பு 0.28, சிவப்பு 0.08, குறியீடு 0.56. மறுநாள் மழை பெய்து கரிசல் இன்னும் கறுத்துவிடுகிறது. ஈர மண்ணின் எண்கள் பாதியாகி, அகச்சிவப்பு 0.08, சிவப்பு 0.06 ஆகிவிட்டன. பயிர் அப்படியேதான் இருக்கிறது. இப்போது சராசரி 0.24, 0.05. குறியீடு 0.66! ஓர் இலைகூடக் கூடவில்லை. எண் மட்டும் கூடிவிட்டது. இதே காரணத்தால், ஒரே அளவு பயிர் கரிசலில் ஓர் எண்ணையும் வெளிறிய செவலில் வேறோர் எண்ணையும் காட்டும். ஹ்யூட் என்ற அறிவியலாளர் 1988-இல் மண்ணின் பாதிப்பைக் குறைக்கும் திருத்திய சூத்திரம் ஒன்றைத் தந்தார். நீங்கள் அதையும் மேடையில் ஓட்டிப் பார்க்கலாம்.

மூன்றாவது, வேலிக்கருவை. சித்திரை வெயிலிலும் பச்சையாக நிற்கும் இந்த மரம், தரிசு நிலத்தைப் பயிர் நிலம் போலக் காட்டிவிடும். செயற்கைக் கோளுக்குப் பச்சை தெரியும். அது உளுந்தா, வேலிக்கருவையா என்பது அந்த ஒரே எண்ணிலிருந்து தெரியாது. காட்டுக்குள் நடந்து போனவருக்குத்தான் தெரியும்.

இது யாருக்காக?

இதெல்லாம் படித்தவர்கள் ஆராய்ச்சி செய்ய, நமக்கு எதற்கு என்று நினைக்கிறீர்களா? இந்திய அரசு 2016-இல் வெளியிட்ட வறட்சி மேலாண்மைக் கையேட்டைப் பாருங்கள். ஒரு பகுதியில் வறட்சியா இல்லையா என்று முடிவு செய்ய, மழை அளவு, விதைப்புப் பரப்பு ஆகியவற்றோடு செயற்கைக் கோள் தரும் தாவரக் குறியீட்டையும் அது ஓர் அளவுகோலாகச் சொல்கிறது. அதாவது, உங்கள் வீட்டுக் காட்டின் பச்சை எங்கோ ஓர் அலுவலகத்தில் ஏற்கெனவே எண்ணாக மாறிக்கொண்டிருக்கிறது. அந்த எண்ணைப் பொறுத்து நிவாரணம் வரலாம், வராமலும் போகலாம்.

அந்த எண் எப்படிப் பிறக்கிறது, எங்கே தவறும் என்று தெரிந்த ஒருவர் ஊரில் இருந்தால்? "ஐயா, நீங்கள் பார்த்த பச்சை பயிரல்ல, வேலிக்கருவை; இதோ அதே படம், இதோ நாங்கள் நேரில் குறித்த விவரம்" என்று மரியாதையாக எடுத்துச் சொல்ல முடியும். கோவில்பட்டியில் 1901-லேயே வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். கரிசலின் இயல்பை அங்கே நூறு ஆண்டுக்கு மேலாக மண்ணில் நின்று ஆராய்ந்து வருகிறார்கள். மேகத்தில் கிடைக்கும் படத்துக்கும் அத்தகைய தரை ஆதாரம் வேண்டும்.

செய்து பாருங்கள்

1. பக்கங்கள் செங்குத்தாக உள்ள ஒரு தகர டப்பாவைத் திறந்த வெளியில் வையுங்கள். தினமும் காலை எட்டரை மணிக்கு உள்ளே நிற்கும் நீரின் உயரத்தை மில்லி மீட்டரில் அளந்து எழுதுங்கள். ஒரு மில்லி மீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஓர் ஏக்கருக்கு 4,047 லிட்டர்.

2. உங்களுக்குத் தெரிந்த பத்துக் காடுகளைத் தேர்ந்தெடுங்கள். உரியவர்களிடம் கேட்டுக்கொண்டு, பதினைந்து நாளுக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள். என்ன பயிர், எவ்வளவு உயரம், மண் ஈரமா காய்ந்ததா, வேலிக்கருவை உண்டா என்று தேதியோடு குறியுங்கள்.

3. பருவம் முடிந்ததும் ஆசிரியரின் பணிமேடையில் அதே இடம், அதே தேதிகளுக்கான மழை அளவையும் தாவரக் குறியீட்டையும் எடுத்து, உங்கள் நோட்டுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். சிர்ப்ஸ் தருவது முப்பது சதுர கிலோ மீட்டர் பரப்பின் மதிப்பீடு. உங்கள் டப்பா அளந்தது ஓர் இடத்து மழை. இரண்டும் எந்த நாட்களில் ஒத்துப்போகின்றன, எந்த நாட்களில் விலகுகின்றன?

விலகும் நாட்களைத் தனியாக வட்டமிட்டு வையுங்கள். காரணத்தைத் தேடுங்கள். புதிய விஷயம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.